கழுதைக் குரலும் நரிக் குரலும்

வண்ணாரப்பேட்டைக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதை நேயர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னையில் துணி வியாபாரம் நடத்திய நாளில், கப்பலேறப் போகும் துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியேறிய பேட்டை இது. வெளுப்பவர் இருந்த இடத்தில் கழுதை இல்லாமல் இருந்திருக்குமா? ஆகையால், இந்தப் பேட்டையின் ஆதி ஸங்கீதம் எது என்று யாரேனும் கேட்டால் நாம் தயங்காமல் பதில் சொல்லிவிடுவோம். அந்த ஸங்கீதத்தின் இடத்தை இப்போது எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளின் ஒலிபெருக்கிகளும் ஆட்டோக்களின் ஹாரன்களும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. 2019-ஆம் வருஷம் முதல் பூமிக்கு அடியில் மெட்ரோ ரயிலும் ஓடுகிறது.

பஞ்சதந்திரத்தில் ஒரு கழுதை வருகிறது. அதன் எஜமானர் சலவைத் தொழிலாளி. தீனி வாங்கிப் போட வகையற்றவர். எங்கிருந்தோ கிடைத்த புலித்தோலைக் கழுதையின் மேல் போர்த்தி, இரவு வேளையில் பிறர் வயலில் மேயவிட்டார். காவல்காரர்கள் புலி என்று நடுங்கி ஓடினார்கள். கழுதையும் கொழுத்தது. ஒரு நாள் இரவு எங்கேயோ ஒரு பெட்டைக் கழுதை கத்தவே, புலி வாயைத் திறந்து பதில் சொல்லிற்று. பிறகு நடந்ததை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். தோலை மாற்றிக்கொள்வதில் கஷ்டம் ஒன்றுமில்லை. குரல் விஷயம் அப்படியல்ல.

பிராணிகளின் குரலைத் தம் தொண்டையால் எழுப்பிக் காட்டும் ஆசை இப்பொழுது பிள்ளைகளிடையே வெகுவாகப் பரவியிருக்கிறது. மிமிக்ரி என்றும் பலகுரல் என்றும் இதற்குப் பெயர். பள்ளிக்கூட ஆண்டு விழா ஒன்று பாக்கியில்லை; சிங்கம் கர்ஜிக்கிறது, யானை பிளிறுகிறது, பேய் அலறுகிறது. நாம் இதற்கு விரோதியல்ல. ஆனால், பிள்ளைகள் இதைப் பயிலும் விதத்தைப் பற்றி நமக்குச் சில அபிப்பிராயங்கள் உண்டு.

முதலில் அந்தக் கழுதையையே எடுத்துக்கொள்வோம். பத்துப் பையன்களைக் கழுதைபோல் கத்தச் சொன்னால் ஒன்பது பேர் மூச்சை வெளியே விட்டுக்கொண்டே கத்துவார்கள். அது கழுதையாக இராது. கழுதையைத் திட்டுகிற மனிதனாக இருக்கும். அசல் கழுதை, மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒரு குரலும் வெளியே விடும்போது மற்றொரு குரலும் எழுப்புகிறது. உள்ளே போவது கீச்சென்று மேலே ஏறும். வெளியே வருவது கட்டையாகக் கீழே விழும். இந்த இரட்டை மூச்சுத்தான் கழுதை ஸங்கீதத்தின் ரகசியம். வீட்டில் மற்றவர்கள் வெளியே போயிருக்கும் சமயம் பார்த்து நேயர்கள் பரீட்சித்துப் பார்க்கலாம். இரண்டு மூன்று தடவைக்கு மேல் வேண்டாம். மூச்சை இழுத்துக்கொண்டே குரல் எழுப்பினால் தொண்டை சீக்கிரம் வறண்டு போகும்.

தொண்டை விஷயத்தைச் சொல்லும்போது நமக்குத் தெரிந்த ஒரு பையன் ஞாபகத்துக்கு வருகிறான். வயது பதின்மூன்று. கைப்பேசியில் யாரோ சிங்கம்போல் கர்ஜிப்பதைக் கேட்டுக்கேட்டு, ஒரு மாத காலம் மாடியில் நின்று தானும் கர்ஜித்தான். விழாவில் பரிசும் கிடைத்தது. ஆனால் மறுவாரம் வகுப்பில் பாடம் ஒப்பிக்க எழுந்தபோது அவன் வாயிலிருந்து காற்றுத்தான் வந்தது. கரகரப்பு இரண்டு மாதமாகியும் போகவில்லை. குரல் நாண்களில் சிறு முடிச்சுகள் கிளம்பியிருப்பதாக டாக்டர் சொன்னார். பிறகு மாதக்கணக்கில் குரல் பயிற்சி செய்து பையன் தேறினான். நன்றாகப் பாடிக்கொண்டிருந்த பையன். இப்பொழுது யார் கேட்டாலும் பாட மாட்டேன் என்கிறான்.

மனிதனுடைய குரல் நாண்கள் ஓர் அங்குல நீளங்கூட இல்லாத இரண்டு மடிப்புகள். பேசும்போது ஆண்களுக்கு வினாடிக்குச் சுமார் நூற்றிருபது தடவையும், பெண்களுக்கு இருநூறு தடவையும், குழந்தைகளுக்கு முந்நூறு தடவைக்குக் கிட்டவும் இவை ஒன்றோடொன்று மோதுகின்றன. இவற்றை இறுக்கிப் பிடித்து அதட்டினால் மோதிய இடம் காய்த்துப் போவதில் ஆச்சரியம் என்ன? ஓயாமல் கத்தும் சிறுவர்களுக்கும் நம்மைப் போன்ற உபாத்தியாயர்களுக்கும் இது சாதாரணமாக வரும் வியாதி. அதிலும் பையன்களுக்குக் குரல் உடைகிற வயதில் கொஞ்சம் அதிக ஜாக்கிரதை வேண்டும்.

ஆனால் நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிராணிகளின் குரலில் முக்கால்வாசியைத் தொண்டையை வருத்தாமலே செய்யலாம். யானையின் பிளிறலையே பாருங்கள். அது தும்பிக்கை வழியாகக் காற்று பீறிட்டு வருகிற ஓசை. போதாக்குறைக்கு, ஆசிய யானைகள் உதடுகளை இறுக்கி அதிரவைத்துக் கீச்சொலி எழுப்புவதாக 2021-இல் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டிருக்கிறார்கள். ஏறக்குறைய எக்காளம் ஊதுகிறவர் செய்கிற காரியம். ஆகவே யானையாக விரும்பும் பையன் உதட்டைப் பழக்க வேண்டும். குதிரையின் செருமலுக்கு இரண்டு உதடுகளையும் தளரவிட்டுப் 'புர்ர்ர்' என்று ஊதினால் போதும். நாயின் உறுமலுக்கு வாயில் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்கும்போது அடித்தொண்டைக்கு மேலே நாக்கின் பின்புறம் அதிர்கிறதே, அந்த இடம். தண்ணீர் இல்லாமல் அதே அதிர்வைக் கொண்டுவரப் பழக வேண்டும். பல்லி சொல்வதற்கு மூச்சே வேண்டாம். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிவைத்து வெடுக்கென்று எடுத்தால் ஆயிற்று.

இது ஒன்றும் புது வித்தையல்ல. மாட்டுவண்டிக்காரர் மாட்டை முடுக்குவதற்குக் கடைவாயில் ஓர் ஓசை செய்வாரே, அது இந்த ஜாதியைச் சேர்ந்தது. அம்மாதிரி ஓசைகளைத் தென்னாப்பிரிக்காவில் ஜுலு, கோஸா பாஷைக்காரர்கள் எழுத்துகளாகவே வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். நமது பாட்டிமார் கோயில் பொங்கலில் குலவையிடுகிறார்கள். உச்சக் குரலை நிறுத்திப் பிடித்துக்கொண்டு நாக்கை மட்டும் பக்கவாட்டில் ஆட்டும் அந்த வித்தையை யார் எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள்? பக்கத்தில் நின்று கேட்டுப் பழகியதுதான்.

கேட்டுப் பழகுவது என்பதில்தான் விஷயமெல்லாம் இருக்கிறது. நமது முன்னோர்கள் கேட்டிருக்கிறார்கள் என்பதற்குத் தமிழே சாட்சி. காகம் கரையும், மயில் அகவும், கூகை குழறும், வண்டு முரலும், குதிரை கனைக்கும், நரி ஊளையிடும் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வினைச்சொல். ஐந்தாம் வகுப்பில் மரபுச் சொற்கள் என்று இவற்றை நெட்டுருப் போடவைத்து, அரை மார்க்குப் போட்டு விட்டுவிடுகிறோம். மெதுவாகச் சொல்லிப் பார்த்தால், முரல்வதற்கு நாக்கு எங்கே நிற்க வேண்டும், குழறுவதற்கு வாய் எப்படி உருள வேண்டும் என்று அந்தச் சொற்களே கொஞ்சம் காட்டிக் கொடுக்கின்றன. ஆசிரியப்பாவின் ஓசைக்கு அகவல் என்றே பெயர். ஸங்கீத சாஸ்திரக்காரர்களோ ஏழு ஸ்வரங்களையும் பிராணிகளிடம் ஒப்படைத்துவிட்டார்கள்: ஸட்ஜம் மயிலுக்கு, பஞ்சமம் குயிலுக்கு, நிஷாதம் யானைக்கு. கழுதைக்கு ஒன்றும் கொடுக்கவில்லை என்பதில் நமது பேட்டைக்குச் சற்று வருத்தம்தான்.

குயிலை எடுத்துக்கொண்டால் கேளாமல் எழுதியவர்களின் வண்டவாளம் வெளிப்பட்டுவிடும். கவிகள் பலரும் கூவுவது பெண் குயில் என்று வைத்துக்கொண்டார்கள். படிப்படியாகச் சுருதி ஏறிக்கொண்டே போகும் அந்தக் 'கூ' கறுப்பு நிறமுள்ள ஆண் குயிலினுடையது. புள்ளி புள்ளியாக இருக்கும் பெண் குயில் 'கிக் கிக்' என்று படபடக்கும். குயில்போல் கூவ விரும்பும் குழந்தை ஒரே 'கூ'வைப் பத்துத் தடவை கூவினால் போதாது. ஒவ்வொன்றும் முன்னதைவிட ஒரு படி மேலே நிற்க வேண்டும். உச்சியில் சட்டென்று நிறுத்தவும் தெரிய வேண்டும்.

இப்படிக் கேட்டுப் பழகிய கல்வியை வயிற்றுப் பிழைப்பாகவே வைத்திருந்த ஜனங்கள் நமது மத்தியில் இருக்கிறார்கள். நரிக்குறவர், குருவிக்காரர் என்று நாம் அவர்களை அழைக்கும் பெயர்களே அந்தக் கல்வியைச் சொல்கின்றன. தங்களுக்குள் வாக்ரிபோலி என்னும் பாஷை பேசுகிற இவர்கள், நரியைப் போல் ஊளையிட்டு நரிகளை வரவழைத்துப் பிடிப்பதில் பேர்போனவர்கள். காடை கௌதாரிகளையும் குரல் கொடுத்தே கூப்பிடுவார்கள். சென்னை மியூசியத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய பெரிய நூலில் குருவிக்காரருக்கும் இடம் கொடுத்திருக்கிறார். நாம் விழாவில் நரிபோல் ஊளையிட்டால் கேட்பவர்கள் மனிதர்கள், தவறாயிருந்தாலும் கைதட்டிவிடுவார்கள். அவர்களுக்கு நீதிபதி நரி. ஊளையில் ஓர் இழை பிசகினாலும் நரி வராது. அன்று அடுப்பு எரியாது. இந்தப் பரீட்சையில் தலைமுறை தலைமுறையாகத் தேறி வந்தவர்களை நாம் என்னவென்று மதித்தோம்? ரயில் நிலையத்தில் ஊசிமணி பாசிமணி விற்கும்போது, இரண்டடி விலகி நின்று விலை பேசினோம்.

1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தினால் வேட்டை நின்றது. சட்டம் அவசியமானதுதான், நரிகள் இருந்தால்தானே ஊளை இருக்கும்? ஆனால் வேட்டை போனபோது, பிழைப்புக்கு வேறு வழி காட்டுவதில் ஒருவரும் அவசரம் காட்டவில்லை. பழங்குடியினர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்ற அவர்களுடைய நெடுநாளைய கோரிக்கைக்கு 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றம் இணங்கியது. அந்தச் சமூகத்துக் குழந்தைகள் இனி அதிகமாகப் பள்ளிக்கூடம் வருவார்கள் என்று எதிர்பார்க்கிறோம். அப்படி ஒரு குழந்தை வகுப்பில் வந்து உட்காரும்போது, "எங்கே, நரிபோல் ஊளையிடு பார்க்கலாம்" என்று மற்றப் பையன்கள் பரிகாசம் செய்ய இடம் கொடுக்கக் கூடாது. அந்த ஊளை தெரிந்த பாட்டனார் வீட்டில் இருந்தால், அவரையே ஒரு நாள் அழைத்துக் கரும்பலகைக்கு அருகே நாற்காலி போட்டு உட்காரவைக்க உபாத்தியாயர்கள் முன்வரட்டும்.

சபையில் இந்த வித்தைக்குக் கௌரவம் கிடைத்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1974-இல் பாலசந்தர் எடுத்த 'அவள் ஒரு தொடர்கதை' படத்தில் காட்டுப் பிராணிகளின் கல்யாணத்தைச் சொல்லும் பாட்டு ஒன்று உண்டு. எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாட, சதன் என்பவர் பறவைகளையும் மிருகங்களையும் தம் குரலால் கல்யாணப் பந்தலுக்கு அழைத்து வருவார். அதைக் கேட்டுப் பாருங்கள். ஒரு பிராணியாவது தொண்டை கிழியக் கத்துவதில்லை.

பிராணிகள் நம்மைப் பார்த்து இந்த வித்தையைக் கற்றுக்கொள்வதும் உண்டு. கிளியும் மைனாவும் பழங்கதை. தென்கொரியாவில் ஒரு மிருகக்காட்சிசாலையில் இருந்த கோஷிக் என்ற ஆசிய யானை, தும்பிக்கையை வாய்க்குள் விட்டுக்கொண்டு 'உட்கார்', 'படு', 'நல்லது' முதலிய ஐந்து கொரியச் சொற்களைப் பேசியதாக 2012-இல் விஞ்ஞானிகள் எழுதினார்கள். இளம் பிராயத்தில் சுமார் ஐந்து வருஷ காலம் அந்த இடத்தில் அது ஒன்றே யானை. பக்கத்தில் இருந்த மனிதர்களோடு உறவு கொண்டாடவே அவர்கள் குரலைப் பழகியிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

நமது வீட்டுக் குழந்தைகளுக்கு வருவோம். ஒரு நாளைக்குப் பத்து நிமிஷப் பயிற்சி போதும். முதலில் சின்னக் குரலில் ஓசையின் உருவம் சரியாக வரட்டும். உரக்கச் சொல்வது கடைசியில். அருகில் ஒரு தம்ளர் தண்ணீர் இருக்கட்டும். தொண்டை எரிந்தாலோ இருமல் வந்தாலோ அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். கரகரப்பு மூன்று நான்கு வாரத்துக்கு மேல் நீடித்தால் மிளகுக் கஷாயத்தோடு நின்றுவிடாமல் காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் காட்ட வேண்டும். வட சென்னைவாசிகள் அதற்காகத் தூரம் போக வேண்டியதில்லை. ஸ்டான்லி ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

கைப்பேசியைக் கொஞ்ச நாள் மூடி வைக்கலாம். பங்குனி சித்திரையில் விடியற்காலை, கடைகள் திறப்பதற்கு முன்னால், ராயபுரத்தில் முன்பு ராபின்ஸன் பார்க் என்றிருந்த அறிஞர் அண்ணா பூங்காப் பக்கம் குழந்தையை அழைத்துக்கொண்டு போங்கள். முதல் நாள் கூவ வேண்டாம், கேட்டால் போதும். எத்தனை 'கூ', எந்த இடத்தில் நின்றது என்று எண்ணிக்கொண்டு வந்து வீட்டில் சொல்லட்டும்.