ஜெனரேட்டருக்குத் தெரியாதது

டேட்டாபேஸின் ஸ்கீமாவைக் காட்டினால் போதும், கோட் ஜெனரேட்டர் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் சரியான டைப்பைத் தானே போட்டுவிடும்; மனிதக் கை படாததால் பிழையும் வராது. மென்பொருள் அணிகளில் இதை வேதவாக்காகச் சொல்கிறார்கள். ஆபத்தான நம்பிக்கை இது. ஒரு மதிப்பு எப்படிச் சேமிக்கப்படுகிறது என்பதை ஸ்கீமா சொல்லும்; எதைக் குறிக்கிறது என்பது பெரும்பாலும் அதில் இருப்பதே இல்லை. இல்லாததை ஜெனரேட்டர் ஊகிக்கத்தான் செய்யும்.

மைஎஸ்கியூஎல்லைப் பாருங்கள். அதில் பூலியன் என்று தனி டைப் கிடையாது. பூலியன் என்று எழுதினாலும் டைனிஇன்ட்(1) என்றே பதிவாகும். அந்த 1 வெறும் காட்சி அகலம். -128 முதல் 127 வரை எந்த எண்ணும் உள்ளே போகும். ஆனால் ஜாவாவுக்கான அதன் டிரைவர், நாம் அமைப்பை மாற்றாதவரை, இதை பூலியனாகவே தருகிறது. விண்ணப்பங்களின் நிலையை 0 நிலுவை, 1 ஏற்பு, 2 நிராகரிப்பு என்று வைத்திருந்தால், 2 'ட்ரூ' ஆக வந்து நிற்கும். வேறு ஏதோ திருத்தத்துக்காக அந்தப் பதிவை முழுதாகத் திரும்பச் சேமித்தால் அங்கே 1 எழுதப்படும். நிராகரித்த விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகிவிடும். கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லாது.

64 பிட் முழு எண்ணின் கதையும் இதுதான். ஜாவாஸ்கிரிப்ட்டின் சாதாரண எண் 9007199254740991 வரைதான் முழு எண்களைப் பிசகாமல் தாங்கும். அதற்கு மேல் இரண்டு வெவ்வேறு அடையாள எண்கள் ஒன்றாகிவிடக்கூடும். 2010இல் ட்விட்டர் பெரிய அடையாள எண்களுக்கு மாறியபோது, அதே எண்ணைச் சரமாகவும் அனுப்ப வேண்டியிருந்தது இதனால்தான். நோடுக்கான போஸ்ட்கிரெஸ் டிரைவரும் பிக்இன்ட்டைச் சரமாகவே தருகிறது. தொல்லை என்று நினைத்து அதை எண்ணாக மாற்றிக்கொள்பவர்கள் பாதுகாப்பைத் தாங்களே கழற்றுகிறார்கள். பணத்தை டபுளில் வைப்பதைப் பற்றி நீட்டத் தேவையில்லை: அங்கே 0.1, 0.2 இரண்டின் கூட்டல் 0.3 ஆவதில்லை.

நூற்றுக்கணக்கான நெடுவரிசைகளுக்குக் கையால் எழுத முடியுமா என்று கேட்பார்கள். எழுத வேண்டாம். ஜேஊக், எஸ்கியூஎல்சி ஆகிய ஜெனரேட்டர்கள் இரண்டிலுமே டைப் விதிகளை நாமே அமைக்க வழி உண்டு. அந்த விதிக் கோப்பை, டேபிளை மாற்றும் ஸ்கிரிப்டுக்குத் தரும் அதே கவனத்தோடு ரிவ்யூ செய்யுங்கள். பிறகு நல், 2, 9223372036854775807 ஆகியவற்றை உரிய நெடுவரிசைகளில் எழுதி, அப்படியே திரும்பி வருகின்றனவா என்று பார்க்கும் டெஸ்ட்டை ஒவ்வொரு பில்டிலும் ஓட்டுங்கள்.