எல்லையோரத் தமிழும் பூட்டிய ஆய்வேடும்: விக்கிவழி ஆய்வு வெளியீட்டை மறுப்போர்க்கு ஒரு மறுப்பு

பொள்ளாச்சியையும் பாலக்காட்டையும் இணைக்கும் வழிகளுள் ஒன்றில், மாநில எல்லையில், கோபாலபுரம் அமைந்துள்ளது. அங்குள்ள சோதனைச்சாவடியைக் கடந்தால் கேரளத்தின் சிற்றூர் வட்டம் தொடங்கும். எல்லைக்கோடு ஊர்களைப் பிரித்ததே தவிர, பேச்சைப் பிரிக்கவில்லை. கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி முதலிய பகுதிகளில் இன்றும் தமிழ் வழங்குகிறது. கொங்கு வழக்கும் மலையாளச் சொல்லும் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும் பேச்சு அது. இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை வட்டங்களில், தேயிலைத் தோட்டங்களையும் ஏலத் தோட்டங்களையும் சார்ந்து வாழும் தமிழரின் வழக்கு இதனின் வேறானது. கிளைமொழி, இடப்பெயர், நாட்டார் வழக்காறு ஆகியவற்றை ஆய்வோர்க்கு இவை வளமான களங்கள்.

களம் வளமானது என்பதனாலேயே ஒரு வினா எழுகின்றது. இத்தகைய ஊர்களுக்கு ஆய்வாளர் வருகின்றார், முதியோரிடம் சொற்களும் கதைகளும் கேட்டுப் பதிவு செய்கின்றார், பின்னிணைப்பில் தகவலாளிகளின் பெயர், வயது, தொழில் ஆகியவற்றைப் பட்டியலிடுகின்றார், பட்டம் பெறுகின்றார். ஆய்வேட்டின் படிகள் பல்கலைக்கழக நூலகத்தின் அடுக்கில் அமர்கின்றன. தகவலாளியோ அவர்தம் பேரப்பிள்ளையோ அதனைக் காண வேண்டுமாயின் அறிமுகக் கடிதத்துடன் நெடுந்தொலைவு பயணம் செய்தல் வேண்டும். தம் சொல்லுக்கு ஆய்வாளர் தவறான பொருள் எழுதியிருப்பின் அதனைத் திருத்துவதற்கு அவர்க்கு எவ்வழியும் இல்லை. தமிழ்த்துறைகள் இந்நிலையை இயல்பானதாகக் கருதிப் பழகிவிட்டன.

இந்நிலையை மாற்றவல்ல கருவி முப்பது ஆண்டுகளாக உள்ளது. 1995இல் அமெரிக்கக் கணினியியலாளர் வார்ட் கன்னிங்காம் விக்கி என்னும் முறையை வெளியிட்டார். பலர் ஒரே பக்கத்தில் எழுதவும் திருத்தவும், ஒவ்வொரு திருத்தமும் எழுதியவர் பெயருடனும் நாளுடனும் பதிவாகவும் வழிசெய்வது இம்முறை. 'விரைவு' என்னும் பொருளுடைய ஹவாய் மொழிச் சொல்லே இதன் பெயர். ஆய்வு வெளியீட்டிற்கு இதனைக் கொள்ளலாம் என்று கூறியவுடன் தமிழ்ப் பேராசிரியர் பலரிடமிருந்து எழும் மறுப்பு ஒன்றே: "எவர் வேண்டுமானாலும் மாற்றக்கூடிய ஒன்று எங்ஙனம் சான்றாகும்?"

விக்கி வேறு, விக்கிப்பீடியா வேறு

இம்மறுப்பில் ஒரு மயக்கம் உள்ளது. விக்கி என்பது முறை. விக்கிப்பீடியா அம்முறையைக் கையாளும் ஒரு கலைக்களஞ்சியம். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா 2017இல் ஒரு இலட்சம் கட்டுரைகளைக் கடந்தது. சொந்த ஆய்வு அங்கு இடம்பெறலாகாது என்பது அதன் அடிப்படை விதி. பிறர் முன்னரே வெளியிட்டதைத் தொகுத்துரைப்பதே அதன் பணி. எனவே புதிய ஆய்வுக்கு அஃது இடமன்று. விக்கிப்பீடியாவைச் சுட்டி விக்கி முறையையே தள்ளுவது, நாளிதழ் நம்பத்தகாதது என்று சொல்லி அச்சுப்பொறியை விலக்குவதை ஒக்கும்.

விக்கியின் ஆதரவாளரும் ஒரு பிழை செய்கின்றனர். 2005இல் நேச்சர் இதழ் 42 அறிவியல் தலைப்புகளை ஒப்பிட்டு, பிரிட்டானிக்காவில் 123 பிழைகளும் விக்கிப்பீடியாவில் 162 பிழைகளும் இருப்பதாக வெளியிட்டதை இவர்கள் தவறாது மேற்கோள் காட்டுவர். அவ்வொப்பீடு ஆங்கிலத்தைப் பற்றியது. அறிவியல் தலைப்புகளைப் பற்றியது. பிரிட்டானிக்காவால் மறுக்கப்பட்டதும் ஆகும். அதனைக் கொண்டு தமிழ்ப் பக்கங்களின் தரத்தை நிறுவ இயலாது.

தமிழுக்குத் தமிழிலேயே சான்றுகள் உள்ளன. யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981இல் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அவ்விழப்பின் நிழலில் 2005இல் ஈழத்து ஆர்வலர் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் விக்கி மென்பொருளின் மீதே கட்டப்பட்டது. இன்று ஈழத்து இதழ்களையும் நூல்களையும் பற்றி எழுதும் ஆய்வாளர் அதனைத் தொடாமல் எழுதுவது அரிது. இனி, 2022 மே மாதத்தில் எழுத்தாளர் ஜெயமோகனின் முன்முயற்சியால் தமிழ் விக்கி தொடங்கப்பட்டது. அதில் பதிவுகளை ஆசிரியர் குழு சரிபார்க்கின்றது. ஒரு பதிவு எந்நிலையில் உள்ளது என்பது பக்கத்திலேயே குறிக்கப்படுகின்றது. அதன் தேர்வுகளோடு உடன்படாதோர் பலர் உளர். ஆயினும் விக்கி என்றால் காவலற்ற சந்தை என்னும் கூற்றை அவ்வமைப்பு பொய்யாக்கிவிட்டது. இவ்விரு முயற்சிகளும் பல்கலைக்கழகங்களுக்கு வெளியே தோன்றியவை என்பதைத் தமிழ்த்துறையினர் சற்று எண்ணிப் பார்த்தல் நலம்.

திருத்தம் தமிழ்ப் பதிப்புக்குப் புதிதா?

மாறும் பனுவல் சான்றாகாது என்போர் தமிழ்ப் பதிப்பு வரலாற்றை மறந்துவிடுகின்றனர். உ.வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை 1887இல் பதிப்பித்தார். இரண்டாம் பதிப்பு 1907இல் வெளிவந்தது. சிலப்பதிகாரம் 1892இலும் 1920இலும், புறநானூறு 1894இலும் 1923இலும் வந்தன. புதிய சுவடிகள் கிடைத்தபோது பாடம் திருந்தியது, குறிப்பு விரிந்தது. இதனால் ஐயர் நம்பத்தகாதவர் என்று எவரும் கூறியதில்லை. எப்பதிப்பு என்று ஆண்டு சுட்டுவதே ஆய்வாளர்தம் வழக்கம். விக்கிப் பக்கத்தின் ஒவ்வொரு நிலைக்கும் தனி எண்ணும் நிலைத்த முகவரியும் உண்டு. குறித்த நாளில் குறித்த வடிவில் இருந்த பக்கத்தை அவ்வாறே மேற்கோள் காட்டலாம். பின்னர் எத்தனை முறை மாறினும் அந்நிலை அழியாது. ஐயரின் ஒரு திருத்தத்தைக் கண்டறிய இரு பதிப்புகளையும் தேடிப்பிடித்து வரிவரியாக ஒப்பிட வேண்டும். விக்கியில் அவ்வொப்பீடு ஒரு சொடுக்கில் முடிகின்றது. பாடவேறுபாட்டுக்கு வாழ்நாளைச் செலவிட்ட மரபினர் இக்கருவியை முதலில் கைக்கொண்டிருக்க வேண்டும்.

மறுபுறம், அச்சின் நம்பகத்தன்மையையும் ஆராய்தல் வேண்டும். மூன்று பக்கக் கட்டுரைகளை நூற்றுக்கணக்கில் அடுக்கிய கருத்தரங்கத் தொகுதிகளுக்குப் பன்னாட்டுத் தரப்புத்தக எண் உண்டு; மதிப்பீடு இல்லை. கட்டணம் செலுத்தினால் சில நாள்களில் கட்டுரையை வெளியிடும் 'பன்னாட்டு' இதழ்களும் பெருகின. பல்கலைக்கழக மானியக்குழுவே தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை 2018 மே மாதத்தில் நீக்க நேர்ந்தது. பின்னர் 2019இல் வந்த கேர் பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டது. இதழின் தரத்தை முடிவு செய்யும் பொறுப்பு இப்போது கல்வி நிறுவனங்களிடமே வந்துள்ளது. பட்டியலில் இல்லாத வடிவம் மதிப்பெண் தராது என்று ஒதுங்கியோர்க்கு அக்காரணமும் இன்றில்லை.

ஆய்வேடுகள் ஏற்கெனவே இணையத்தில் உள்ளனவே என்பது அடுத்த மறுப்பு. 2009ஆம் ஆண்டு விதிகளுக்குப் பின் ஆய்வேடுகள் சோத்கங்கா தளத்தில் இடம்பெறுவது உண்மை. அது பெரும்பணி என்பதும் உண்மை. ஆயினும் ஒருங்குறிக்கு மாறான பழைய எழுத்துருக்களில் தட்டச்சான தமிழ் ஆய்வேடுகளும், வெறும் படிமங்களாக ஏற்றப்பட்டவையும் தேடலில் அகப்படுவதில்லை. ஒருங்குறியைத் தமிழக அரசு 2010இல் ஏற்றது. ஆய்வுக்கூடங்கள் பல அதற்குப் பின்னும் நெடுங்காலம் ஏற்கவில்லை. சிற்றூர் வட்டத்து வழக்குச் சொல் ஒன்றைத் தேடும் மாணவர்க்கு, அச்சொல் அத்தளத்தில் இருந்தும் இல்லாததே. திருத்துவதற்கும் வினவுவதற்கும் அங்கு இடமில்லை என்பது வேறு.

உழைக்க ஆளில்லை என்னும் மறுப்பு மட்டுமே வலுவுடையது. 2006இல் லாரி சாங்கர் அறிவித்த சிட்டிசண்டியம், வல்லுநர் மேற்பார்வை இருந்தும், பங்களிப்பாளர் குறைந்து மெலிந்தது. விக்கி தானே வளராது. ஆனால் தமிழ்த்துறைகளில் ஆளில்லை என்பது ஏற்கத்தக்கதன்று. தமிழ் இணையக் கல்விக்கழகம் வழங்கிய, 2,000க்கும் மேற்பட்ட நாட்டுடைமை நூல்களின் படிமங்கள் விக்கிமூலத்தில் உள்ளன. எழுத்துணரி தந்த பிழைமலிந்த பனுவலை மூலத்தோடு ஒப்பிட்டு மெய்ப்புத் திருத்தும் பணி பத்தாண்டுக்குப் பின்னும் முடியவில்லை. செய்துவருவோர் பெரும்பாலும் தன்னார்வலர். அதே வேளையில் முதுகலை மாணவர் எவரும் படியாத ஒப்படைப்புகளை ஒவ்வொரு பருவத்திலும் எழுதிக் குவிக்கின்றனர். ஓர் ஒப்படைப்புக்கு மாற்றாக இருபது பக்க மெய்ப்பு எனத் துறைகள் விதித்திருப்பின் நிலைமை வேறாயிருக்கும்.

உலகில் இதழும் விக்கியும் கைகோத்த முறைகளும் உள்ளன. பிளாஸ் கணிப்பிய உயிரியல் இதழ் 2012 முதல், மதிப்பீட்டாளர் ஏற்ற தலைப்புக் கட்டுரையை நிலைத்த வடிவில் தானும் வெளியிட்டு, அதன் படியை விக்கிப்பீடியாவில் வளரவும் விடுகின்றது. தமிழ்த்துறை இதழ்களுக்கு இம்முறை பொருந்தும். கட்டுரையை இருவர் மதிப்பிடுவர். ஏற்ற வடிவம் பூட்டப்பட்டு எண்ணுடன் நிற்கும். மதிப்புரைகள் உரையாடல் பக்கத்தில் வெளிப்படையாக இருக்கும். அதன் பின் வரும் திருத்தங்கள் தனி வடிவமாகத் தொடரும். மென்பொருள் விலையற்றது. எழுதுவோர் இயற்பெயரில் பதிவு செய்தல் வேண்டும் என விதிக்கலாம்.

தொடங்குவதற்கு எல்லையோரச் சொற்றொகுதியினும் ஏற்ற பொருள் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளில் 1,04,405 சொற்களைத் தந்தது. 1939இல் அனுபந்தம் வந்தது. அதன் பதிப்பாசிரியர் ச. வையாபுரிப்பிள்ளை பின்னாளில் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையை வழிநடத்தியவர். அப்பேரகராதியில் இடம்பெறாத வட்டார வழக்குகள் எல்லையின் இருபுறமும் வழங்குகின்றன. சொல், ஒலிப்பதிவு, பதிவான ஊர், பொருள் ஆகியவற்றைப் பக்கமாக்கினால், கோபாலபுரத்தில் கைப்பேசி வைத்திருப்பவர் எவரும் "எங்கள் ஊரில் இதற்குப் பொருள் வேறு" என்று உரையாடல் பக்கத்தில் எழுதலாம். மலையாளம் அறிந்தோர் ஒப்புமை தரலாம். அவர்தம் குறிப்பை ஏற்பதும் மறுப்பதும் துறையின் உரிமை. மறுத்ததற்கான காரணம் பலரறிய எழுதப்பட வேண்டும் என்பதே புதுமை. இவ்வொரு கடப்பாடே சிலருக்கு இம்முறையைக் கசப்பாக்குகின்றது போலும். தகவலாளியின் பெயரை வெளியிடுமுன் அவரது இசைவைப் பெறும் கடமையும் இங்கு உண்டு. அச்சேட்டில் எவரும் கேளாமல் விட்ட கேள்வி அது.

இதழ்களின் பழைய தொகுதிகளுக்கு இவ்வளவு ஏற்பாடும் தேவையில்லை. கட்டுரையாசிரியர்களிடம் ஓர் இசைவுக் கடிதம், பெயர் சுட்டிப் பயன்படுத்த இடந்தரும் படைப்பாக்கப் பொதுமங்கள் உரிமம், ஒருங்குறிக்கு மாற்ற ஒரு பருவ உழைப்பு ஆகியவை போதும். ஆசிரியர் மறைந்திருப்பின் வாரிசுகளிடம் கேட்கலாம். இக்கடிதத்தின் வரைவு இரு பத்திகளுக்கு மேல் நீளாது. அடுத்த ஆய்வுக்குழுக் கூட்டத்திலேயே அதனை வைக்கலாம்.