ஊசியோடு முடிவதில்லை பக்கவாதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பக்கவாதம் கண்டவரை நாலரை மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும் என்ற உங்கள் கட்டுரை சரியே. ஆனால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியோடு அது நின்றுவிட்டது. முடங்கிய கையும் குழறும் பேச்சும் தேறுவது பின்வரும் மாதங்களின் பயிற்சியில்தான். வீட்டார் கற்றுக்கொண்டு செய்தால் போதாதா என்பார்கள். இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளிடம் நடந்த ‘அட்டெண்ட்’ ஆய்வு இதைத்தான் சோதித்தது; குடும்பத்தாருக்குத் தனியாகப் பயிற்சி தந்தும் இறப்போ, பிறரைச் சார்ந்திருக்கும் நிலையோ குறையவில்லை என்று 2017இல் வெளியான முடிவு சொன்னது. குடும்பத்தின் அக்கறையில் குறையில்லை. வேலைக்கும் போய்வரும் மருமகள்மீது இயன்முறை மருத்துவரின் பொறுப்பையும் ஏற்றுவது நியாயமா? 2021இல் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இயன்முறைச் சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. நோயாளி டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே அத்திட்டத்தில் பெயர் பதிந்து, முதல் வருகைக்கான தேதியையும் சீட்டில் எழுதித் தரலாம்.

- ஒரு வாசகர், மதுரை