வலி தீர்ந்தால் வியாதி தீருமா?

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. சுற்றிப் பார்க்கச் செல்வோருக்கு அது வேடிக்கை. மலைமேல் வாழும் பழங்குடி மக்களுக்கோ, பெரிய ஆஸ்பத்திரி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை நினைவூட்டும் கணக்கு அது. ஒரு நாள் கூலியை இழந்து, பஸ் ஏறிக் கீழே இறங்கிச் சோதனை செய்துகொள்வதைக் காட்டிலும், ஒரு வலி மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போவது சுலபம். மலைக்கு மட்டுமன்று, பட்டணத்துக்கும் பொருந்தும் பழக்கம்தான் இது.

வலியையும் அழற்சியையும் தணிக்கும் நிமெசுலைடு என்ற மருந்தில், 100 மில்லிகிராமுக்கு மேற்பட்ட மாத்திரைகளை மத்திய சர்க்கார் 2025 டிசம்பர் இறுதியில் தடை செய்தது. 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அம்மருந்தைக் கொடுக்கக் கூடாதென்று 2011-லேயே உத்தரவாயிற்று. ஈரலுக்குக் கேடு விளையலாம் என்ற அச்சமே காரணம். தடை வரவேற்கத்தக்கதே. ஆனால் மாத்திரை கெடுதல் செய்வதில் மட்டுமா ஆபத்து? அது நன்றாக வேலை செய்து வலியை அடக்கிவிடுவதிலும் ஆபத்து உண்டு. பித்தப்பை வியாதி இதற்குத் தக்க உதாரணம்.

கல்லும் அழற்சியும்

ஈரலின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு பை பித்தப்பை. ஈரல் சுரக்கும் பித்தநீரைச் சேர்த்து வைத்து, கொழுப்புள்ள உணவு குடலுக்கு வந்ததும் வெளியேற்றுவது அதன் தொழில். அங்கே கல் உண்டாகி வாயை அடைத்துக்கொண்டால், வலது விலாவின் கீழ் கடும் வலி எடுக்கும்; தோள்பட்டை வரை பரவுவதும் உண்டு. இதை வெறும் வாயுத் தொல்லை என்று எண்ணி நாளைக் கடத்துவோர் அநேகர்.

கல் வருஷக்கணக்கில் உள்ளேயே கிடந்தால், பையின் உட்சுவர் புண்படுவதும் ஆறுவதுமாக இருக்கும். இதுவே நாள்பட்ட அழற்சி. புண்ணை ஆற்றுவதற்காக அணுக்கள் ஓயாமல் பெருகும்போது, அவற்றில் சில உருமாறுகின்றன. முதலில் குடலின் அணுக்களைப் போன்ற சாயல், பிறகு ஒழுங்கு கெட்ட வளர்ச்சி, கடைசியில் புற்றுநோய். இந்தப் படிகளைக் கடக்கப் பத்து, பதினைந்து ஆண்டுகள்கூட ஆகலாம் என்பது நிபுணர்களின் கணிப்பு. அழற்சிக்கும் புற்றுநோய்க்கும் உறவு இருக்கக்கூடும் என்பதை ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் விர்ஹோ 1863-லேயே சுட்டிக்காட்டினார்.

கல் உள்ளவர்கள் எல்லோரும் நடுங்க வேண்டியதில்லை. அவர்களில் மிகச் சிலருக்கே புற்றுநோய் வருகிறது. ஆனால் வந்துவிட்டால் அது பொல்லாதது. 2020-ம் ஆண்டில் உலகில் சுமார் 1,16,000 பேருக்குப் பித்தப்பைப் புற்றுநோய் கண்டதாகவும், சுமார் 85,000 பேர் அதனால் இறந்ததாகவும் சர்வதேசக் கணக்கு கூறுகிறது. நம் நாட்டில் கங்கைச் சமவெளியிலும் அஸ்ஸாமிலும் இது மிகுதி. சென்னைப் பகுதியில் அதைவிடப் பல மடங்கு குறைவு. குறைவு என்பதற்கு, வராது என்று அர்த்தமில்லை.

மாத்திரை காக்குமா?

அழற்சியைத் தூண்டும் பிராஸ்டகிளாண்டின் என்ற பொருள் உடலில் உண்டாவதை ஆஸ்பிரின் தடுக்கிறது என்று 1971-ல் ஆங்கில விஞ்ஞானி ஜான் வேன் கண்டறிந்தார். 1982-ல் நோபல் பரிசில் பங்கும் பெற்றார். அப்பொருளை உண்டாக்க உதவும் காக்ஸ்-2 என்ற நொதி, புற்றுநோய்க்கு முந்திய மாறுதல் கண்ட பித்தப்பைகளில் மிகுந்திருப்பதைப் பின்வந்த ஆராய்ச்சிகள் காட்டின. சீனாவின் ஷாங்காய் நகரில் நடந்த ஓர் ஆய்வில், ஆஸ்பிரின் உட்கொண்டவர்களிடம் இப்புற்றுநோய் குறைவாகவே காணப்பட்டது.

அப்படியானால் மாத்திரையையே தடுப்பு மருந்தாகக் கொள்ளலாமே என்று தோன்றும். அவசரம் கூடாது. சிலரிடம் நோய் குறைந்திருப்பது வேறு. மருந்தினால்தான் குறைந்தது என்று நிரூபிப்பது வேறு. பெருங்குடல் கட்டிகளைத் தடுக்குமா என்று ரோஃபெகாக்ஸிப் என்ற மருந்தைச் சோதித்தபோது, மாரடைப்பும் பக்கவாதமும் அதிகரிப்பது தெரிந்து, 2004-ல் அது சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு ஆகியவையும் இவ்வகை மருந்துகளின் பின்னே வரக்கூடியவை. டாக்டர் கொடுக்கும்போது இவை பித்தப்பை வலியை நன்றாகத் தணிக்கும் என்பது உண்மையே. ஆனால் கல்லை இவை கரைப்பதில்லை. புகை அடங்குகிறது, நெருப்பு அப்படியே இருக்கிறது.

செய்ய வேண்டியது

இந்நோய் மிகுந்த தென்னமெரிக்க நாடான சிலி, 35 முதல் 49 வயது வரையுள்ளவர்களுக்குக் கல்லினால் தொல்லை இருந்தால், பித்தப்பையை அகற்றும் ஆபரேஷனை 2006 முதல் சட்டப்படி உறுதி செய்தது. தமிழ்நாட்டில் நோய் குறைவாதலால் அந்தத் திட்டத்தை அப்படியே காப்பியடிக்க வேண்டியதில்லை. அதன் கருத்தை ஏற்றுக்கொண்டால் போதும்: நோய் முற்றும்வரை காத்திராமல், கல்லைக் கவனிப்பதே விவேகம்.

வலது விலாவின் கீழ் வலி திரும்பத் திரும்ப வந்தால், மாத்திரையை மாற்றிக்கொண்டிராமல் வயிற்றை ஸ்கேன் செய்துகொள்ள வேண்டும். ஆபரேஷன் செய்து எடுத்த பித்தப்பையை எறிந்துவிடாமல், நுண்ணோக்கிச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். ஆரம்ப மாறுதல்கள் வெறுங்கண்ணுக்குத் தெரிவதில்லை. சோதனையின் முடிவைக் கேட்டு வாங்குவது நோயாளியின் உரிமை.

மூன்றாவது பொறுப்பு சர்க்காருடையது. நாமக்கல்லில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீடு தேடிச் சென்று மருந்து கொடுக்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2021-ல் தொடங்கிற்று. கையில் எடுத்துச் செல்லக்கூடிய ஸ்கேன் கருவிகள் வந்துவிட்ட இந்நாளில், மாதம் ஒரு நாள் செம்மேட்டில் ஒரு முகாம் நடத்துவது ஆகாத காரியமல்ல. வலி மாத்திரை 70 வளைவுகளையும் கடந்து மலைக்குப் போய்விட்டது. வலியின் காரணத்தைக் காட்டும் கருவியும் போய்ச் சேர வேண்டும்.