தலைவாஸ் பையன்களைக் கலைக்காதீர்கள்

தென் மாவட்டக் கிராமங்களில் கோயில் கொடை என்றால் பெரும்பாலும் கபடியும் உண்டு. புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி வட்டாரமும் இதற்கு விலக்கல்ல. இந்த ஊர்க்காரர்களுக்குக் கபடியின் நெளிவு சுளிவுகளை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே தமிழ் தலைவாஸ் தோற்கும்போது அவர்களுக்கு வரும் கோபம் விவரம் தெரிந்தவர்களின் கோபம். 2017இல் புரோ கபடி லீக்கில் சேர்ந்த அணி, 2024 வரை ஆடிய ஏழு சீசன்களில் ஒரே ஒரு முறைதான் பிளே ஆஃப் பார்த்திருக்கிறது. ‘அனுபவமில்லாத பையன்களை வைத்துக்கொண்டு எப்படி ஜெயிப்பது, பெரிய ஆட்களை எடுங்கள்’ என்பதே ஒவ்வொரு முறையும் எழும் குரல். நோய் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ மருந்து போடச் சொல்லும் யோசனை இது. இளம் அணி தடுமாறுவது இயல்பு. அந்தத் தடுமாற்றம் தீரும் முன்பே அணியைப் பிரித்துப்போட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவதுதான் தலைவாஸின் உண்மையான பிரச்சினை.

பெரிய ஆட்களை எடுத்துப் பார்க்காமல் இல்லை. 2019 சீசனில் அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி, மன்ஜீத் சில்லர் மூவரும் ஒரே அணியில் இருந்தார்கள். இந்தியக் கபடியில் அதைவிடப் பெரிய பெயர்களை ஒன்றுசேர்ப்பது அப்போது கடினம். 22 போட்டிகளில் நான்கே வெற்றி, பன்னிரண்டு அணிகளில் கடைசி இடம். அதற்குப் பிறகுதான் நிர்வாகம் இளைஞர்கள் பக்கம் திரும்பியது. சாகர், ஹிமான்ஷு, சாகில் குலியா, தமிழ்நாட்டு வீரர் அபிஷேக் என்று இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்களை வைத்து 2021-22 சீசனை ஆடியது. பட்டியலில் 11ஆவது இடம். ஆனால் அந்தப் பட்டியலை வெறும் இடத்தை மட்டும் பார்த்துப் படிக்கக் கூடாது. 5 வெற்றி, 11 தோல்வி, 6 சமன். 22இல் ஆறு போட்டிகள் சமனில் முடிந்தன என்றால், ஆட்டம் கைக்கு வந்தும் முடிக்கத் தெரியாமல் நின்ற அணி அது என்றே நான் படிக்கிறேன்.

முடிக்கத் தெரிவது என்றால் என்ன? இரண்டு புள்ளி முன்னிலை, ஒன்றரை நிமிடம் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். ஒரு ரைடுக்கு முப்பது விநாடி. நம் ஆள் பாடிப் போனால் யாரையும் தொடாமல் நேரத்தைக் கடத்திவிட்டுத் திரும்பினால் போதும். எதிரணி ரைடர் உள்ளே வந்தால் ஏழு பேரும் பின்வாங்கி நிற்க வேண்டும். அவர் போனஸ் கோட்டைத் தாண்டி ஒரு புள்ளி எடுத்துக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிட வேண்டும். இதைத்தான் இருபது வயதில் செய்ய முடிவதில்லை. கார்னரில் நிற்கும் பையனுக்குக் கணுக்கால் கைக்கெட்டும் தூரத்தில் தெரிகிறது; பாய்ந்து அட்வான்ஸ் டேக்கிள் போடுகிறான். பிடி நழுவுகிறது. அவனுக்குத் துணையாக ஓடிவந்த கவர் ஆட்டக்காரரின் மேலும் உரசிவிட்டு ரைடர் நடுக்கோட்டைத் தொட்டுவிடுகிறார். இரண்டு புள்ளி, ஆட்டம் சமன். பயிற்சியில் ஆயிரம் முறை சொன்னாலும் அந்த நொடியில் இவன் பாய்வானா, நிற்பானா என்பது பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரிந்திருந்தால்தான் அணி தப்பிக்கும். அது சேர்ந்து ஆடி ஆடி வருவது. ஏலத்தில் எவ்வளவு கோடி கொட்டினாலும் அதை வாங்க முடியாது.

2022 சீசன் இதை அப்பட்டமாகக் காட்டியது. அன்றைய சாதனை விலையான 2.26 கோடி ரூபாய்க்கு எடுக்கப்பட்ட பவன் ஷெராவத் முதல் போட்டியிலேயே முழங்கால் காயத்தில் வெளியேறினார். முந்தைய ஆண்டு ஆறு சமன் கண்ட பையன்களில் பலர், புதிதாக வந்த நரேந்தருடன் சேர்ந்து அணியைத் தூக்கி நிறுத்தினார்கள். அறிமுக சீசனிலேயே நரேந்தர் 243 ரைடு புள்ளிகள் எடுத்தார். எலிமினேட்டரில் உ.பி. யோதாஸுடன் 36-36 என்று சமன். டை பிரேக்கரில் 6-4 என்று வென்றார்கள். முந்தைய ஆண்டு நழுவவிட்ட அதே நெருக்கடியை இந்த முறை கடந்தார்கள். அரையிறுதியில் புனேரி பல்டனிடம் 37-39 என்று இரண்டே புள்ளியில் தோற்றார்கள். அணியின் விலை உயர்ந்த ஆட்டக்காரர் இல்லாமலே இது நடந்தது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். அந்த சீசனின் நடுவில் பயிற்சியாளர் மாறினார், அஷன் குமார் வந்த பிறகுதானே அணி எழுந்தது. மாற்றம் நல்லதுதானே என்று கேட்கலாம். பயிற்சியாளரின் பங்கை நான் குறைக்கவில்லை. ஆனால் அவர் வந்து கையிலெடுத்தது ஏற்கெனவே ஓராண்டு அடிபட்டிருந்த அதே பையன்களைத்தான். அடுத்த மறுப்பு இதைவிடக் கனமானது: ஏறக்குறைய அதே அணிதான் 2023-24இல் ஆடியது, 9 வெற்றி, 13 தோல்வி என்று 9ஆவது இடத்துக்குச் சரிந்ததே? சரிந்தது உண்மை. இளம் அணியின் வளர்ச்சி ஒரே சீராக மேலே போகாது. மற்ற அணிகள் நரேந்தரின் ஆட்டத்தைப் படித்து வைத்திருந்தன. நெருக்கடியில் தோளில் கைவைத்து நிதானப்படுத்த மூத்த ஆட்டக்காரர் ஒருவர் களத்தில் இல்லை. அந்த ஒரு குறையை மட்டும் சரிசெய்திருக்க வேண்டும். நடந்ததோ பயிற்சியாளர் மாற்றம், ரைடர் அஜிங்க்யா பவாரின் வெளியேற்றம், புதிதாக எடுத்த ரைடர் சச்சின் தன்வருக்கு 2.15 கோடி. 2024இல் 8 வெற்றி, 13 தோல்வி, மறுபடியும் 9ஆவது இடம். 2025இல் பயிற்சியாளர் மீண்டும் மாறினார்.

பணம் புரளும் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் இதற்கு இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒக்லஹோமா சிட்டி தண்டர் 2021 டிசம்பர் 2 அன்று மெம்ஃபிஸிடம் 79-152 என்று தோற்றது. 73 புள்ளி வித்தியாசம், என்பிஏ வரலாற்றிலேயே மிகப் பெரிய தோல்வி. நம் ஊராக இருந்தால் மறுநாளே பயிற்சியாளர் வீட்டுக்குப் போயிருப்பார். பயிற்சியாளர் மார்க் டேக்னால்ட்டை அவர்கள் நீக்கவில்லை. அந்த சீசனில் 24 வெற்றி, அடுத்ததில் 40, அதற்கடுத்து 57. 2024-25இல் 68 வெற்றி, ஜூனில் கோப்பை. அந்தக் கடைசிப் படிக்கு முன்பு அலெக்ஸ் கரூசோ என்ற முப்பது வயது ஆட்டக்காரரையும் சேர்த்துக்கொண்டார்கள். டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் கதை இன்னும் நெருக்கமானது. 2023இல் தொடர்ந்து 28 தோல்வி, சீசன் முடிவில் 14 வெற்றி, 68 தோல்வி. பயிற்சியாளரை மாற்றினார்கள் என்பது சரியே. ஆனால் கேட் கன்னிங்ஹாம் முதலான இளைஞர்களை விற்கவில்லை. டோபியாஸ் ஹாரிஸ் போன்ற மூத்தவர்கள் சிலரைப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டே 44 வெற்றி. அங்கே ஏல முறை இல்லை, ஒப்பந்தங்கள் நீண்டவை என்பது உண்மைதான். புரோ கபடியிலும் வீரர்களைத் தக்கவைக்க விதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் மன உறுதிதான் வேண்டும்.

தமிழ்ப் பையன்களைச் சேர்த்தால் ஜெயிக்கும் என்ற வாதத்தில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. இன்னும் அதிகம் பேரைச் சேர்க்க வேண்டும் என்பதில் முழு உடன்பாடு உண்டு. மண்ணில் ஆடி வளர்ந்தவருக்கு மேட் பழகவே காலம் பிடிக்கும். அவரை ஒரு சீசன் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு விடுவித்தால், அவருக்கும் பயனில்லை, அணிக்கும் பயனில்லை. உள்ளூர் வீரருக்குத்தான் மற்ற யாரைவிடவும் நீண்ட அவகாசம் தேவை. எலுமிச்சைக் கன்று நட்டு மூன்று நான்கு ஆண்டு காத்திருக்கத் தெரிந்த புளியங்குடி விவசாயிக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

தலைவாஸ் நிர்வாகத்திடம் கேட்பது இதுதான்: தடுப்பாட்டத்தில் நான்கு பேர், ரைடில் இரண்டு பேர் என்று ஒரு இளம் வரிசையைத் தேர்ந்தெடுங்கள். ஏழாவதாக நிதானமான மூத்தவர் ஒருவரை நிறுத்துங்கள். அவர்களையும் ஒரே பயிற்சியாளரையும் மூன்று சீசன் தொடமாட்டோம் என்று முன்கூட்டியே ரசிகர்களிடம் வெளிப்படையாக அறிவியுங்கள். ரசிகர்களும் முதல் ஐந்து தோல்வியில் ‘ஆளை மாற்று’ என்று கத்துவதை நிறுத்தினால், நிர்வாகத்துக்கு அந்தத் துணிச்சல் வரும்.