குன்றின் மேலிட்ட விளக்கு

குடத்துள் இட்ட விளக்கு குடத்திற்கே ஒளி தரும்; குன்றின்மேல் இட்ட விளக்கோ ஊருக்கெல்லாம் ஒளி தரும். அறிவும் அத்தகையதே. செயற்கைக்கோளின் துணையால் இடமறியும் முறையின் வரலாறு இதற்குச் சிறந்த சான்றாகும்.

1957-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சோவியத்து நாடு ஸ்புட்னிக் என்னும் முதற் செயற்கைக்கோளை விண்ணில் ஏவியது. அமெரிக்க நாட்டின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த கையர், வைஃபன்பாக் என்னும் அறிஞர் இருவர் அதன் வானொலிக் குறிப்பைக் கேட்டனர். புகைவண்டி நெருங்கும்போது அதன் ஊதல் ஒலி உயர்ந்தும், அகலும்போது தாழ்ந்தும் கேட்கின்றதன்றோ? அவ்வாறே அக்குறிப்பின் அதிர்வெண்ணும் மாறியது. அம்மாற்றத்தை அளந்து, கோள் செல்லும் பாதையை அவர்கள் கணித்தனர். 1958-இல் மக்ளூர் என்பார் அக்கணக்கைத் திருப்பிப் பார்த்தார். கோளின் பாதை தெரியுமாயின், கேட்பவர் நிற்கும் இடத்தை அறியலாம் என்பது அவர் கண்ட உண்மை. அதிலிருந்து பிறந்த டிரான்சிட் அமைப்பு, 1964 முதல் நீர்மூழ்கிப் போர்க்கப்பல்களுக்கு வழிகாட்டியது.

1973-இல் அமெரிக்கப் படைத்துறை ஜி.பி.எஸ். என்னும் புதிய அமைப்பைத் தொடங்கியது. நான்கு கோள்களின் குறிப்புகள் வந்துசேரும் காலத்தைக் கொண்டு இடத்தைக் கணிப்பது அதன் முறை. 1983-இல் கொரிய நாட்டுப் பயணிகள் வானூர்தி ஒன்று வழிதவறிச் சோவியத்து வான்வெளியிற் புகுந்து, சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த 269 பேரும் மாண்டனர். அதன்பின்னர், ஜி.பி.எஸ். பொதுமக்களுக்கும் பயன்படும் என அமெரிக்க அரசு அறிவித்தது. 24 கோள்களுடன் அவ்வமைப்பு 1995-இல் முழுமை பெற்றது. எனினும், பொதுமக்கள் பெறும் குறிப்பில் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டது. அதனால் இடக்கணிப்பு 100 மீட்டர் வரை பிறழ்ந்தது. 2000-ஆம் ஆண்டு மே திங்களில் அக்கலப்பும் நீக்கப்பட்டது.

பகைவர்க்கும் பயன்படுமே எனச் சிலர் அஞ்சலாம். அவ்வச்சம் பொருளற்றது அன்று. ஆயினும், கடலில் திசைதவறிய மீனவரும், நோயாளியை நாடி விரையும் மருத்துவ ஊர்தியும் பெறும் பயனை எண்ணுக. அஞ்சி மூடி வைத்திருந்தால் இவை விளைந்திரா. ஒருவர் கையிலுள்ள விளக்கு எப்போது வேண்டுமாயினும் அணைக்கப்படலாம் என்பதும் உண்மையே. ஆதலின் உருசியா, சீனா, ஐரோப்பிய நாடுகள், இந்தியா ஆகியவை தமக்கென அமைப்புகளை நிறுவின. விளக்குகள் பல ஆவது நன்றே. அவை குன்றின்மேல் இருத்தல் வேண்டும். உயிர்காக்கும் அறிவை எல்லார்க்கும் திறந்து வைப்பதே அறமாகும்.