ஸ்டாண்டு வேண்டாம், சுவர் போதும்!



“ராத்திரியில போட்டோ எடுக்கணும்னா ட்ரைபாட் வேணும்டா. இல்லன்னா எல்லாம் கலங்கிப் போயிடும்.” நம்மில் பலர் இப்படித்தான் சொல்கிறோம். சொல்லிவிட்டுக் கேமராவை உறையில் போட்டு மூடிவிடுகிறோம். இந்தப் பேச்சில் பாதிதான் உண்மை என்பது என் கருத்து.

முதலில் ஒரு கேள்வி. ட்ரைபாட் எதை நிறுத்துகிறது? கேமராவின் ஆட்டத்தை மட்டும்தான்! எதிரில் இருக்கும் ஆளின் ஆட்டத்தை அது நிறுத்தாது. பரோட்டா மாஸ்டர் மாவை வீசும்போது ஷட்டரை 2 நொடி திறந்து வைத்தால், எவ்வளவு விலை உயர்ந்த ஸ்டாண்டில் மாட்டியிருந்தாலும் மாஸ்டர் புகை மாதிரிதான் தெரிவார். கோபுரம், பாலம், நட்சத்திரம் எடுக்க ட்ரைபாட் தேவை, ஒத்துக்கொள்கிறேன். மனிதர்களை எடுக்க வேகமான ஷட்டர்தான் தேவை.

1930-களின் தொடக்கத்தில் பாரிஸ் நகரத்து இரவுகளைப் படம் எடுத்துப் புகழ் பெற்ற பிரசாய் ட்ரைபாடைத்தான் பயன்படுத்தினார். அன்றைய கேமராத் தகடுகளுக்கு வெளிச்சம் அதிக நேரம் தேவைப்பட்டது. 1954-ல் கோடாக் நிறுவனத்தின் ட்ரை-எக்ஸ் என்ற வேகமான கருப்பு வெள்ளைப் பிலிம் 35 மி.மீ. அளவில் வந்தது. மங்கலான வெளிச்சத்தில் கையிலேயே பிடித்து எடுப்பது அதன்பின் எளிதானது. இன்று சாதாரண டிஜிட்டல் கேமராவிலேயே ஐ.எஸ்.ஓ. 1600 வைக்கலாம். அது 400-ஐ விட 4 மடங்கு வேகம். அப்புறம் நமக்கென்ன தயக்கம்?

சரி, ஏன் கருப்பு வெள்ளை? நம்ம மதுரைத் தெருவை ராத்திரி 9 மணிக்குப் பாருங்கள். ஒரு பக்கம் மஞ்சள் விளக்கு, எதிர்ப்பக்கம் வெள்ளை எல்.இ.டி., கடைக்குள் ட்யூப் லைட். கலரில் எடுத்தால் ஒரே முகத்தில் பாதி மஞ்சள், பாதி நீலம்! கருப்பு வெள்ளையில் இந்தச் சண்டையே கிடையாது. ஐ.எஸ்.ஓ.வை ஏற்றும்போது கலரில் சிவப்பும் பச்சையுமாய்த் தெரிகிற புள்ளிகள், கருப்பு வெள்ளையில் பழைய பிலிம் மாதிரி மணல்மணலாய் அழகாகவே இருக்கும். 1954-ல் வந்த ‘அந்த நாள்’ படத்தில் பாட்டே கிடையாது. வெளிச்சத்தையும் நிழலையும் வைத்தே நம்மைப் பயத்தோடு உட்கார வைத்துவிடுவார்கள். இருட்டும் படத்தில் ஒரு பாத்திரம்தான்.

நான் செய்து பார்த்தவற்றில் பலன் தந்தவை இவை:

1. 50 மி.மீ. லென்ஸ் என்றால் ஷட்டர் 1/50 நொடி அல்லது அதைவிட வேகம். 28 மி.மீ. என்றால் 1/30 போதும். ஜூம் செய்தால் ஆட்டமும் ஜூம் ஆகும். அதனால் நாமே இரண்டடி முன்னால் போவது நல்லது.

2. சுவர், விளக்குக் கம்பம், வேப்பமரம் எதிலாவது தோளைச் சாய்த்துக்கொள்ளுங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டுங்கள். மூச்சை மெல்ல விட்டபடி பட்டனை அழுத்துங்கள்.

3. திண்ணை கிடைத்தால் ஒரு கிலோ துவரம்பருப்புப் பையின் மேல் கேமராவை வைத்து 2 நொடி டைமர் போடலாம். (படம் எடுத்ததும் பருப்பை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிடவும்!)

4. ஒரே அழுத்தில் தொடர்ந்து 3 படம் எடுங்கள. ஒன்றாவது தெளிவாக வரும்.

5. விளக்கை நோக்கி ஆள் திரும்பும் வரை பொறுங்கள். முகத்துக்கு அளவாக வெளிச்சம் வையுங்கள். மீதி கருப்பாகப் போனால் போகட்டும்.

“போனில்தான் நைட் மோடு இருக்கே?” என்று கேட்பீர்கள். அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. அசையாத தெருவுக்கு அது அருமை. நடக்கிற ஆள் பல நேரம் கலங்கிவிடுவார். இன்னொன்று, அது இரவைப் பகல் மாதிரி ஆக்கிவிடுகிறது. எனக்கு இரவு இரவாகவே வேண்டும்.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன்? நம் ஆண்டு விழாக் கண்காட்சியில் வைக்கும் போட்டோக்களை நினைத்துப் பாருங்கள். சூரியோதயம், ரோஜாப்பூ, மயில். எல்லாமே அழகுதான். ஆனால் மதுரைக்குத் ‘தூங்கா நகரம்’ என்று பெயர் வந்தது ரோஜாவாலா? ராத்திரி கண் விழிக்கிற மனிதர்களால்! விடியும் முன்பே மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர், நள்ளிரவில் குப்பை அள்ளுகிற அக்கா, கடைசி பஸ்ஸின் கண்டக்டர். நம் வகுப்பிலேயே எத்தனை பேருடைய அப்பா அம்மா ராத்திரி வேலைக்குப் போகிறார்கள்! அவர்களின் வேலை நேரத்துப் படம் ஒன்றாவது நம் வீட்டில் இருக்கிறதா? கல்யாணத்தில் நின்ற படம்தான் இருக்கும்.

“ட்ரைபாட் இல்ல, பெரிய கேமரா இல்ல” என்று நாம் ஒதுங்கினால், வசதி உள்ளவர்கள் எடுப்பது மட்டும்தான் ஊரின் படமாக நிற்கும். அது சரியல்ல என்பது என் வாதம். வேலை செய்கிற கை கொஞ்சம் கலங்கித் தெரிந்தால் அது குறையும் அல்ல. கை ஓடுகிறது என்பதற்கு அதுவே சாட்சி.

ஒரு கண்டிப்பு மட்டும் உண்டு. “அண்ணே, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?” என்று கேட்காமல் யாரையும் எடுக்கக் கூடாது. வேண்டாம் என்றால் சிரித்துவிட்டு நகர வேண்டும். இரவில் தனியாகவும் போகாதீர்கள். வீட்டுப் பெரியவர் ஒருவர் கூட வரட்டும்.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: இந்த ஆண்டுக் கண்காட்சியில் ‘இரவு – கருப்பு வெள்ளை’ என்று ஒரு பலகை ஒதுக்குங்கள். எந்தக் கேமராவும் வரலாம், ட்ரைபாட் மட்டும் கூடாது என்று விதி வையுங்கள். ஒவ்வொரு படத்தின் கீழேயும் அதில் இருப்பவர் என்ன வேலை செய்கிறார் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

நண்பர்களே, பலகை கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டாம். இன்று ராத்திரி உங்கள் தெருமுனைக் கடை எத்தனை மணி வரை திறந்திருக்கிறது என்று மட்டும் பார்த்து வையுங்கள்!

– பதினோராம் வகுப்பு மாணவி